அந்தச் சுவரில் காசா இல்லை

கொஞ்சம் வெட்கமான விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

2012ல் லண்டனில், பிரிக் லேனுக்குப் பக்கத்துத் தெருவில், மியர் ஒன் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு சுவர் முழுக்கப் படம் வரைந்தார். குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகில் ஒரு பலகை. அதைச் சுற்றிக் கோட் போட்ட கிழவர்கள் உட்கார்ந்து மோனோபோலி மாதிரி ஏதோ ஆடுகிறார்கள், நோட்டு எண்ணுகிறார்கள். இந்தப் படம் என் போனுக்கு வந்ததும் "காசாவுக்காக" என்று எழுதி நாலு குரூப்புக்கு அனுப்பினேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு வங்கிக்காரனைத் திட்டும் படம் என்றால் தனி குஷி!

ஒரு நண்பன் மட்டும் கேட்டான், "டேய், இதுல காசா எங்கடா இருக்கு?"

திரும்பப் பார்த்தேன். இல்லைதான். இஸ்ரேல் கொடி, ராணுவம், குடியேற்றம் எதுவுமே இல்லை. வளைந்த மூக்கும் பணமும்தான் இருந்தன. வர்க்கத்தைப் பற்றிய படம் என்று ஓவியர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் நாஜி ஜெர்மனியில் 'டெர் ஸ்டூர்மர்' பத்திரிகை யூதர்களை இதே மூக்கும் இதே பணமுமாகத்தான் வரைந்துகொண்டிருந்தது.

வழுக்கியது நான் மட்டும் இல்லை (இதில் ஒரு அல்ப ஆறுதல்). பாலஸ்தீனர்களுக்காகப் பல வருடம் பேசிவந்த ஜெரமி கோர்பின், படத்தை அழிக்கப் போகிறார்கள் என்றதும் ஓவியருக்கு ஆதரவாக ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் லேபர் கட்சித் தலைவராக இருந்தபோது, 2018 மார்ச்சில், அது வெளியே வந்தது. படத்தைச் சரியாகப் பார்க்காமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் பிரிட்டிஷ் யூதர்கள் நாடாளுமன்றத்துக்கு எதிரே கூடிப் போராடினார்கள்.

அப்போ இஸ்ரேலைத் திட்டக் கூடாதா? தாராளமாகத் திட்டலாம். 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. இஸ்ரேலுக்குள்ளேயே 'பெத்செலம்' என்ற மனித உரிமை அமைப்பு 1989லிருந்து தன் அரசு செய்வதை எழுதிவைக்கிறது. எந்த நிலம், எந்தச் சட்டம், யார் போட்ட உத்தரவு என்று ஒவ்வொரு என்ட்ரிக்கும் வவுச்சர் இருக்கும். நான் அனுப்பிய படத்துக்கு ஒரு வவுச்சரும் கிடையாது. மூக்குதான் சாட்சி!

எதிர்ப்பக்கமும் ஒழுங்கில்லை. எதைச் சொன்னாலும் "யூத வெறுப்பு" என்று வாயடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகள் இன்று ஏற்றிருக்கும் யூத வெறுப்பு வரையறையை எழுதியதில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன். அவரே 2017ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய், கல்லூரிகளில் பேச்சை அடக்க இதைச் சட்டமாக்காதீர்கள் என்று சொன்னார்.

படத்தை அழிக்கப் பார்த்தேன், நேரம் தாண்டிவிட்டது. அதனால் நாலு குரூப்பிலும் "நான் போட்ட படம் தப்பு" என்று எழுதினேன். உடனே ஒருத்தன், "எவ்வளவுடா வாங்கின?" என்றான். அவனுக்கு அந்த நீதிமன்றக் கருத்தின் சுருக்கத்தை அனுப்பினேன். இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது.