சூடு ஒரு வியாதி, ஹேங் இன்னொரு வியாதி

பள்ளிபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவருக்கு வைரஸைவிடப் பெரிய எதிரி பஞ்சு. விசைத்தறிக் கூடத்தில் பறக்கும் பஞ்சு பக்கத்து ஆபீஸ் அறைக்குள் வந்து, சிபியு பெட்டியின் ஃபேன் இழுக்கிற காற்றோடு உள்ளே போய், பிராசசர் மேலிருக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொள்கிறது. காற்றுக்கு வழி அடைந்தால் சூட்டுக்கும் வழி அடைந்த மாதிரிதான்.

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள அந்த ஊரில், ஒரு மாடியறையில் சர்வீஸ் கடை வைத்திருப்பவரின் வேலையைக் கத்திரி வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியைத் திறந்ததுமே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். வெள்ளை மாவு படிந்திருந்தால் ஜவ்வரிசி ஆலை. தீவனத் தூசு என்றால் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை. பிசுக்கோடு கரி ஒட்டியிருந்தால் லாரிப் பட்டறை.

அன்று வந்தது ஒரு தறிக்காரரின் கம்ப்யூட்டர். வேறு எங்கோ ஹீட்சிங்க் மாற்றியிருக்கிறார்கள். "மாத்துனதுல இருந்து கொஞ்ச நேரம் ஓடுது, பொட்டுனு ஆஃப் ஆயிருதுங்க. சில நேரம் ஆஃப் ஆகாம அப்படியே நின்னு போயிருது" என்றார்.

"ரெண்டும் ஒரே வியாதியான்னு பாக்கோணும்ங்க அண்ணா" என்றபடி மெக்கானிக் பயாஸ் திரையைத் திறந்தார். எந்த வேலையும் கொடுக்காமலே வெப்பநிலை 70, 80, 90 என்று ஏறியது. அவர் ஹீட்சிங்கின் அடிப்பகுதியில் விரலை வைத்துப் பார்த்து, என்னையும் தொடச் சொன்னார். சூடே இல்லை. பிராசசர் கொதிக்கிறது, அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் உலோகம் சும்மா இருக்கிறது! ஃபேன் நன்றாகவே சுற்றியது. சூடு மேலே ஏறினால்தானே ஃபேனால் அதைக் காற்றில் தள்ள முடியும்?

கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஹீட்சிங்கின் அடியில் தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டுமே அழுந்தியிருந்தது. மறுபக்கம் வைத்தது வைத்தபடி. அதை மதர்போர்டோடு பிடிக்கும் நான்கு புஷ் பின்களில் ஒன்று போர்டைத் தாண்டி இறங்கவே இல்லை. வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு உலோகங்களைச் சேர்த்து வைத்தாலும் இடையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளில் காற்று நிற்கும். அலுமினியம் சூட்டைக் கடத்துவது காற்றைப்போல் சுமார் 9,000 மடங்கு. அந்தக் குழிகளை அடைக்கத்தான் பேஸ்ட். அள்ளி அப்பினால் அதுவே தடை, ஏனென்றால் எந்தப் பேஸ்ட்டும் உலோகத்துக்கு ஈடாகக் கடத்தாது.

 

மெக்கானிக் பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் துடைத்தார். போர்டையே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, நடுவில் ஒரு சொட்டு புதுப் பேஸ்ட் வைத்து, பின்களை மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தினார். பிறகு போர்டைத் திருப்பி, பிளந்த வெள்ளைக் கால்களுக்கு நடுவே கறுப்புக் குச்சி இறங்கியிருக்கிறதா என்று நான்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டிக்குள் வைத்தபடியே மேலிருந்து அமுக்குபவருக்கு இது தெரியவே தெரியாது. இப்போது திரையில் 50க்குக் கீழே நின்றது. அதற்கும் கீழே அதிகம் இறக்க இந்த ஊர் வெயில் விடாது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையின் சூட்டைத் தாண்டிக் குளிர்விக்க முடியாது. இதே பெட்டி ஏற்காட்டில் இருந்தால் இன்னும் குறைவாகக் காட்டும்.

பெட்டியை மூடிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் லோடு டெஸ்ட் ஓட விட்டார். 65 டிகிரியில், பயப்பட வேண்டாத சூட்டில், திரை உறைந்து நின்றது. சூடு மிஞ்சினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் மெஷினை நிறுத்திவிடும். இப்படி நடுவழியில் உறைந்தால் பெரும்பாலும் ராம் அல்லது பவர் சப்ளை. பின்களை அமுக்கும்போது போர்டு வளையும், வளைந்தால் ராம் ஸ்லாட்டில் இருந்து மயிரிழை எழும்பும் என்றார். இரண்டு ராம்களையும் கழற்றி, தங்க நிறப் பல் வரிசையை ரப்பரால் தேய்த்து, இருபுறமும் கிளிப் விழும்வரை அழுத்தினார். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மாலை வரை ஓடியது. ஒரு பிழையும் வரவில்லை.

கூலி சொன்னதும், "பார்ட் ஒண்ணும் மாத்தலையேங்க" என்றார் தறிக்காரர். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவருடைய தறியில் பாவு அறுந்துகொண்டே இருந்தால், சாமான் எதையும் மாற்றாமல் சரிசெய்து தரும் மெக்கானிக்குக் காசு கொடுக்கத்தானே செய்கிறார்? தேவையில்லாமல் ஒரு போர்டை மாற்றியிருந்தால் கேட்காமலே ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் நம் ஊரில் கூலி குறைவு. இதைத் தறிக்காரரிடமே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சொன்ன தொகையைக் குறைக்காமல் எடுத்து வைத்தார்.

"தறிப்பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீங்க அண்ணா, தரையிலயும் வேண்டாம். மாசத்துக்கு ஒருக்கா ப்ளோயர் அடிச்சுருங்க. அடிக்கறப்ப ஃபேன் றெக்கைய விரல்ல புடிச்சுக்கோங்க, காத்துல கண்டமேனிக்குச் சுத்துனா பேரிங் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டினார் மெக்கானிக்.