மன்னிப்புக் கேட்ட உளவியல்

2016 செப்டம்பரில் ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் அந்நாட்டுப் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது பலருக்கும் தெரியும். ஒரு தொழிலே மன்னிப்புக் கேட்டதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சமூகப்பணியில் இருக்கும் நாங்கள் நால்வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படித்தோம்.

பொத்தாம்பொதுவான வருத்தம் அல்ல அது. பூர்வகுடிப் பண்பாட்டுக்குப் பொருந்தாத முறைகளில் நோயைக் கண்டறிந்தது, சோதனைகளைத் தவறாகப் பயன்படுத்தியது, ஆய்வால் மக்களைவிட ஆய்வாளர்கள் பயனடைந்தது என்று செய்த தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பெற்றோரிடமிருந்து குழந்தைகளை அரசு பிரித்தெடுத்தபோது வாய்மூடி இருந்ததையும் ஒப்புக்கொள்கிறது. இந்தக் கடைசி வரியில்தான் நாங்கள் நின்றுவிட்டோம்.

துக்கத்தில் இருக்கும் ஒரு பூர்வகுடிப் பெண், 'செத்துப்போன பாட்டி வந்து பேசினாள்' என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையேட்டை மட்டும் நம்புகிறவர் அதை மனச்சிதைவின் அறிகுறி என்று குறித்துவிடுவார். அவளுடைய சமூகத்தில் அது துக்கத்தின் இயல்பான பகுதியாக இருக்கலாம். இப்படிப்பட்ட தவறுகளைப் பார்த்த நியமல் இன உளவியலாளர் டிரேசி வெஸ்டர்மன், பூர்வகுடி இளைஞர்களுக்கென்றே தனி மதிப்பீட்டுப் படிவம் உருவாக்கினார். பார்டி இனத்தவரான பேட் டட்ஜனும் அவருடைய சகாக்களும் நலவாழ்வை ஏழு இழைகளாக விளக்குகிறார்கள்: உடல், மனம், குடும்பம், சமூகம், பண்பாடு, நிலம், முன்னோர். நிலம் என்றால் பட்டா நிலமல்ல. ஆறும் கதையும் உறவும் சேர்ந்தது. அதிலிருந்து பிரிக்கப்படுவதே ஒரு நோய்க்காரணம்.

சுவரில் பூர்வகுடி ஓவியம் மாட்டிவிட்டு, ஊழியருக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்து முடித்துக்கொள்வதும் அங்கே உண்டு. (இங்கே ஏப்ரல் 14 அன்று மாலை போடுவது மாதிரி.) எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 1971இலேயே சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே ஒரு மருத்துவச் சேவையைத் தொடங்கி நடத்தினார்கள். 2022இல் வந்த '13யார்ன்' என்ற நெருக்கடிக்கால தொலைபேசிச் சேவையில் அழைப்பை எடுப்பவர் பூர்வகுடி மக்களில் ஒருவர்தான்.

எங்கள் கதைக்கு வருவோம். ஒரு விடுதி மாணவி மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போவதை நிறுத்தியிருந்தாள். நாங்கள் படிவத்தில் 'சூழலோடு பொருந்துவதில் சிக்கல்' என்று எழுதினோம். மூன்று மாதம் கழித்து அவளே சொன்னாள்: கவுன்சிலிங் பட்டியலில் எஸ்.சி. என்று பார்த்த அன்றே அறைத்தோழி கட்டிலை நகர்த்திப் போட்டாளாம். எங்கள் படிவத்தில் சாதி இருந்தது, உதவித்தொகைப் பகுதியில். மனநலப் பகுதியில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. கேட்காதது நாங்கள்தான்.

ஆனால் தோழர்களே, அவர்களுடையதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. அவர்களுக்குப் பண்பாடு மருந்து. நமக்கு ஊர்ப் பண்பாடுதான் பல நேரம் காயமே. ஊரை விட்டு வெளியேறியதால் மூச்சு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: 'சாதியை வைத்து யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா, செய்தார்களா?' அதைக் கேட்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் நால்வருக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.