அத்திப்பள்ளி தாண்டினால் எல்லாரும் சோழர்கள்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருவனைப் பார்த்து "நீ தமிழனா?" என்று எவனும் கேட்கமாட்டான். கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அங்கே கேள்வியெல்லாம் "எந்த ஊரு தம்பி, யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான். (அதற்குப் பின்னாலேயே சுற்றி வளைத்து இன்னொரு கேள்வி வரும். அது என்ன கேள்வி என்று தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.) ஆகவே பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் நான் இன்னார் மகன், இன்ன தெரு, அவ்வளவுதான். நான் தமிழனாக ஆனது பெங்களூரில், பி.காம் சேர்ந்த முதல் வாரத்தில், ஹாஸ்டல் மெஸ் வரிசையில்.

இந்த ஊர்ப் பெருமை இருக்கிறதே, அது ரப்பர் பேண்டு மாதிரி. தூரம் போகப் போக நீளும். எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெரம்பலூர்க்காரன் இருக்கிறான். சொந்த ஊரில் இருந்தால் நானும் அவனும் எலியும் பூனையும். 1995 செப்டம்பரில் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். 2002 மார்ச்சில் மறுபடி ஒட்டினார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் பிரித்தார்கள். நான் பிறந்தது அந்த ஒட்டின காலத்தில், அதனால் என் பிறப்புச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம், ரேஷன் கார்டில் அரியலூர் மாவட்டம். எங்கள் ஊர் டீக்கடையில் "பெரம்பலூர்க்காரன் எல்லாத்தையும் அமுக்கிக்கிட்டான்" என்று ஒரு தலைமுறையே புலம்பியிருக்கிறது. அவர்கள் பக்கம் என்ன புலம்பினார்கள் என்பதை இவனைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வான். ஆனால் பெங்களூரில் இறங்கிய அன்றைக்கே நாங்கள் "ஒரே ஊர் மச்சான்" ஆகிவிட்டோம்! சேலத்தில் இருந்தவரை வேறு வேறு ஊர், ஓசூரில் ஒரே ஊர், அத்திப்பள்ளி சோதனைச்சாவடி தாண்டியதும் நேரடியாக ராஜேந்திர சோழனின் பேரப்பிள்ளைகள்.

பக்கத்து மாநிலத்துக்குப் படிக்கப் போகிற எல்லாருக்கும் இது நடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கோயம்புத்தூர் கல்லூரிகளில் ஓணத்துக்குக் கசவுச் சேலையும் வேட்டியுமாகப் பூக்கோலம் போடுகிற மலையாளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் சொந்த ஊரில் அதிகாலையில் எழுந்து பூப் பறித்திருப்பார்கள்? நாங்களும் அப்படித்தான். ஊரில் பொங்கலன்று பத்து மணிக்கு எழுந்து டி.வி.யில் பட்டிமன்றம் பார்க்கிறவன், இங்கே வந்து வேட்டி கட்டி, மண்பானைக்கு மஞ்சள் கொத்து தேடி மல்லேஸ்வரம் முழுக்க அலைகிறான். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அலைவது நல்லதுதான். எதைத் தேடி அலைகிறோம் என்பதில்தான் எனக்கு ஒரு தகராறு.

எங்கள் ஹாஸ்டலில் தமிழ்ப் பெருமை என்றால் மூன்று ஐட்டம். சினிமா, சோழர், காவிரி. சினிமாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எங்கள் பையன்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பேசுகிற சூப்பர்ஸ்டார் பிறந்தது பெங்களூரில், கண்டக்டராக விசில் ஊதியது இந்த ஊர் பஸ்ஸில். அந்த வாதம் அதோடு படுத்துவிட்டது.

சோழர் விஷயம் அப்படிப் படுக்காது. காரணம், எனக்கு அது நிஜமாகவே ஊர் விஷயம். கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். சின்ன வயதில் எனக்கு அது யுனெஸ்கோ எல்லாம் இல்லை, புல்வெளியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்கிற இடம். மாளிகைமேட்டில் செங்கல் சுவரைத் தோண்டி எடுத்தபோது வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதனால் ஹாஸ்டலில் யாராவது ராஜேந்திரன் பெயரை எடுத்தாலே எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், ஏதோ நான் அவருக்குக் கணக்கு எழுதினவன் மாதிரி.

எங்கள் வகுப்பில் ஒருத்தன் ராய்ச்சூர் மாவட்டம். அவன் ஊருக்குப் பக்கத்தில் மஸ்கி என்று ஓர் இடம். எங்களுக்கு மஸ்கி என்றால், 1021 வாக்கில் ராஜேந்திர சோழன் மேலைச் சாளுக்கிய ஜெயசிம்மனைத் தோற்கடித்த முசங்கி அதுதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிற இடம். இதை எங்கள் ஆள் ஒருவன் அவனிடமே போய், "உங்க ஊர்லயே வந்து அடிச்சோம்டா மச்சா" என்று சொன்னான். (பெங்களூர் பையன்கள் கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எதில் பேசினாலும் "மச்சா" போட்டுத்தான் பேசுவார்கள். நாம் எந்தப் போரும் செய்யாமல் பிடித்த இடம் அது ஒன்றுதான்.)

ராய்ச்சூர்க்காரன் கோபப்படவில்லை. அவனுக்கு மஸ்கி என்றால் வேறு. 1915-ல் தங்கம் தேடிப் போன ஒரு பொறியாளர் கண்ணில் பட்ட அசோகர் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அதுவரைக்கும் கிடைத்த கல்வெட்டுகளில் "தேவனாம்பிரியன்", "பிரியதர்சி" என்று பட்டங்கள்தான் இருந்தன. அந்த ராஜா அசோகன்தான் என்று பெயரோடு முதலில் காட்டிக்கொடுத்தது மஸ்கி. "உங்க ராஜா வந்துட்டுப் போன ஊரு இல்ல அது, அசோகன் பேரு கிடைச்ச ஊரு" என்றான். அதற்கப்புறம் ரொம்ப சாதாரணமாக ஒன்று சொன்னான்: "உங்க ராஜாவை ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வந்ததும் எங்க ஆளுதானே?"

எங்கள் பக்கம் ஒரே நிசப்தம். ஒருத்தன் "அதெல்லாம் வாட்ஸப் வரலாறு" என்றான். அது வாட்ஸப் வரலாறு இல்லை. மூன்றாம் ராஜராஜ சோழனைக் காடவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்து, உளுந்தூர்பேட்டை பக்கத்துச் சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தான். 1231 வாக்கில் துவாரசமுத்திரத்திலிருந்து, அதாவது இன்றைய ஹளேபீடுவிலிருந்து, ஹொய்சள மன்னன் இரண்டாம் வீர நரசிம்மன் படை அனுப்பி அவனை மீட்டுத் திரும்ப அரியணையில் வைத்தான். கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் விவரமாக இருக்கிறது. "சோழ ராஜ்ஜியத்தை நிலைநிறுத்தியவன்" என்கிற பொருளில் ஹொய்சளர்கள் பட்டமே சூட்டிக்கொண்டார்கள். அதோடு போகவில்லை. அடுத்து வந்த சோமேஸ்வரன் சமயபுரத்தை ஒட்டின கண்ணனூரில் தலைநகரமே அமைத்து ஆண்டான். அவன் எடுத்த பொய்சளேஸ்வரர் கோயில் இன்றைக்குப் போஜீஸ்வரர் கோயில் என்ற பெயரில் நிற்கிறது. திருச்சியிலிருந்து பெரம்பலூர் வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் சமயபுரம் வழியாகத்தான் வருகிறது. மாரியம்மனுக்குக் கும்பிடு போடுகிற நம்மில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு கன்னட ராஜா குடியிருந்தது தெரியும்?

பி.காம் முதல் செமஸ்டரிலேயே இரட்டைப் பதிவு முறை சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். நம் மாநிலப் பெருமை மட்டும் எப்போதும் ஒற்றைப் பதிவு. 1021 வரவில் இருக்கும், 1231 எந்தப் பேரேட்டிலும் இருக்காது. கன்னடப் பையன்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டாம் புலிகேசியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். 642-ல் நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியை எரித்த பக்கத்தைத் திருப்பவே மாட்டார்கள்.

சோழரை வைத்துச் சண்டை போட்டால் அதிகபட்சம் தூக்கம் கெடும். காவிரி அப்படியில்லை.

2016 செப்டம்பர் 5-ல் பத்து நாளைக்கு விநாடிக்கு 15,000 கன அடி திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 9-ம் தேதி கர்நாடகத்தில் பந்த், கன்னட நடிகர்கள் மேடையேறினார்கள். அவர்களைக் கிண்டல் செய்து ஃபேஸ்புக்கில் ஏதோ போட்டதற்காக, பெங்களூரில் தமிழ் பேசுகிற ஒரு பொறியியல் மாணவரை ஒரு கும்பல் பிடித்து அடித்து, மண்டியிட வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, அதை வீடியோவும் எடுத்தது. வீடியோ பரவியது. 12-ம் தேதி காலை சென்னையில் கர்நாடகக்காரர்களின் ஓட்டலில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டிகளையும் டிரைவர்களையும் அடித்தார்கள். அன்று மத்தியானத்திலிருந்து பெங்களூர் எரிந்தது. ஒரே பணிமனையில் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் முப்பதுக்கும் மேல் கரிக்கட்டை ஆயின. துப்பாக்கிச்சூட்டில் உயிர் போனது. அப்போது நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அந்த பஸ்கள் எரிந்ததை அம்மா டி.வி.யில் பார்த்தது, நான் இங்கே சேர்ந்த அன்றைக்கு வேலை செய்தது. "பஸ்ல போன் வந்தா சத்தமா தமிழ்ல பேசாத தம்பி." வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் இது திரும்ப வரும்.

அம்மா பிறந்தது திருமானூர் பக்கம், கொள்ளிடக்கரை. எங்கள் வீடு இருக்கிற பக்கம் முந்திரிக்காடு, அங்கே நெல். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்பதுதான் மாமாவோடு போனில் பேசுகிற முதல் விஷயம். அந்த வாய்க்கால் காவிரித் தண்ணீர். என் ஹாஸ்டல் பக்கெட்டில் இருப்பதும் காவிரித் தண்ணீர்தான். தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தார்கள். குறைத்த 14.75-ல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிதண்ணீர்க் கணக்கில் சேர்ந்தது. அந்த 4.75-ல் குளித்துவிட்டு வந்துதான் எங்கள் பையன்கள் "காவிரி எங்கள் உரிமை" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். உரிமை உரிமைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாமாவின் வயலைப் பார்த்தவனுக்குச் சந்தேகம் வராது. ஆனால் 2024 கோடையில் இந்த நகரம் டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடியதையும் இங்கே இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் பார்த்தவன் போடுகிற ஸ்டேட்டஸ் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கவேண்டாமா?

ஒரு காலத்தில் ஆள் போன திசையே வேறு. 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம் வருகிறவரைக்கும் மைசூர் சமஸ்தானத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் எம்.ஏ. வாங்கியது சென்னையில், 1914-ல். வீட்டில் பேசியது தமிழ். எழுதியது கன்னடம். 1983 ஞானபீட விருதை வாங்கித் தந்த நாவல் "சிக்கவீர ராஜேந்திர". அதிலும் ஒரு ராஜேந்திரன், ஆனால் குடகு ராஜா! மாஸ்தியை யார் பெருமைக் கணக்கில் எழுதுவது என்று நாங்கள் ஒருநாள் ராத்திரி பன்னிரண்டு வரை பேசினோம். முடிவு வரவில்லை.

நவம்பர் 1 வந்தால் காலேஜ் முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடி. ராஜ்யோத்சவம். 1956-ல் அதே நாளில்தான் நம் மாநிலத்தின் எல்லையும் மொழிவாரியாக மாற்றி வரையப்பட்டது. நமக்கு அது பெரிய நாளாக இல்லை. 2019-ல் அன்றைக்குத் தமிழ்நாடு நாள் கொண்டாடினார்கள், 2021-ல் அதை ஜூலை 18 என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அந்த 1956 நவம்பரில் நினைவிருப்பது 23-ம் தேதி அரியலூர் ரயில் விபத்துதான்.

போன பொங்கலுக்கு ஹாஸ்டல் வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு கோஷ்டி டிசைனே கொண்டுவந்துவிட்டது. புலிக்கொடி, குதிரைமேல் ராஜேந்திரன், கீழே "சாளுக்கியரைச் சிதறடித்த சோழ தேசத்திலிருந்து பொங்கல் வாழ்த்துகள்". நான் வேண்டாம் என்றேன். "பயந்தாங்கொள்ளி" என்றார்கள். பயமும் கொஞ்சம் உண்டு, 2016-ஐப் பார்த்தவனுக்கு இருக்காதா? ஆனால் நான் சொன்ன காரணம் அது இல்லை. பொங்கல் வைக்கக் கூப்பிடுகிறோம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, வாசலிலேயே "உன் பாட்டனை என் பாட்டன் அடித்தான்" என்று போர்டு வைப்பது எந்த ஊர் வழக்கம்? எங்கள் ஊரில் பங்காளிச் சண்டை உச்சத்தில் இருக்கிற வீட்டில்கூட இலை போட்ட இடத்தில் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. நாங்கள் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம். ராஜேந்திரன் இருந்தார், சாளுக்கியர் வரி போய்விட்டது. டிசைன் செய்தவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்றைக்குக் கன்னடப் பிள்ளைகள் எள்ளு பெல்லா கொண்டுவந்தார்கள். எள்ளு, வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை, நிலக்கடலை எல்லாம் கலந்தது, அவர்களுக்கு அது சங்கராந்தி வழக்கம். எங்கள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. ஆனாலும் பானை காலி.

இந்த லீவுக்கு ராய்ச்சூர்க்காரன் எங்கள் ஊருக்கு வருகிறான். கங்கைகொண்ட சோழபுரம் ஒருநாள், சமயபுரத்தில் அவன் ஆட்கள் கட்டின கோயில் ஒருநாள் என்று பேச்சு. பெரம்பலூர்க்காரன், சாத்தனூர் கல்மரத்தையும் சேர்க்கவேண்டும் என்கிறான். பன்னிரண்டு கோடி வருஷத்துப் பழசாம், எந்த ராஜாவும் கிட்ட வரமுடியாதாம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பையன் சோறு திங்குமா, ரொட்டிதானா?"

அவன் ஊர்ச் சாப்பாடு ஜோளத ரொட்டி, அதாவது சோள ரொட்டி. கன்னடத்தில் சோழனுக்கு "சோளா", சோளத்துக்கு "ஜோளா". அம்மா கேட்டதை அவனிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "சோளா உங்களுது, ஜோளா எங்களுது மச்சா" என்றான். பக்கத்தில் இருந்த பெரம்பலூர்க்காரன் உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டான். மக்காச்சோளத்தில் தமிழ்நாட்டிலேயே எங்கள் மாவட்டத்தை அடிக்க ஆள் கிடையாது, அது எப்படி உங்களுது ஆகும் என்று ஆரம்பித்தான். மக்காச்சோளம் வேறு, சோளம் வேறு என்று நான் சொன்னது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.