நான் அடித்த மைனஸ்

அந்த மாணவி எழுதியது சரியான விடை. அதைத் தப்பு என்று அடித்தவன் நான்.

பிளஸ் டூ வகுப்புத் தேர்வு. கேள்வியும் நான் தயாரித்ததுதான். 2 மைக்ரோகூலூம் புள்ளி மின்துகள் ஓரிடத்தில் அசையாமல் இருக்கிறது. 3 மைக்ரோகூலூம் உள்ள இன்னொன்றை 30 செ.மீ. தொலைவிலிருந்து 10 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தும்போது, மின்விசை செய்யும் வேலை எவ்வளவு? தொடக்கத்தில் மின்னழுத்தம் 60,000 வோல்ட், முடிவில் 1,80,000 வோல்ட். வித்தியாசத்தை 3 மைக்ரோகூலூமால் பெருக்கினால் 0.36 ஜூல். வகுப்பே 0.36 என்று எழுதியிருந்தது. அவள் மட்டும் முன்னால் ஒரு மைனஸ் போட்டிருந்தாள். அதைச் சிவப்பு மையால் சுழித்து ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

மதிய இடைவேளையில் விடைத்தாளோடு வந்தாள். "சார், ரெண்டும் பாசிட்டிவ். தள்ளத்தானே செய்யும்? நாம கிட்ட கொண்டுபோறோம். அப்ப மின்விசை செய்யற வேலை மைனஸ்தானே சார்?" சுழித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஃபார்முலாவுல போட்டா பிளஸ்தான் வருது. போய் உட்காரு" என்று குரலை உயர்த்தினேன். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ராத்திரி பாடம் தயாரிக்கும்போது மாட்டிக்கொண்டேன். ஓய்வில் இருக்கும் எலக்ட்ரானை 100 வோல்ட் கூடுதலான இடத்துக்கு விட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் வேகம் பிடிக்கிறது. நான் காலமெல்லாம் எழுதிப்போட்ட சூத்திரப்படியோ மின்விசை அதன்மேல் செய்த வேலை மைனஸ். மைனஸ் வேலை செய்கிற விசை எப்படி வேகத்தைக் கூட்டும்? பாடப்புத்தகத்தில் மின்னழுத்தத்தின் வரையறையைத் திரும்பப் படித்தேன். 'புறவிசை' என்ற சொல் அங்கேயே இருந்தது. நான்தான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வரையறையை ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேகம் கூடாமல் மெள்ள நகர்த்துகிற கை செய்வது பிளஸ் 0.36. கைக்கு எதிராகவே வழிநெடுகத் தள்ளுகிற மின்விசை செய்வது மைனஸ் 0.36. நேராகப் போனாலும் சுற்றிக்கொண்டு போனாலும் அதே கணக்குதான். கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்கு இது புரியாததல்ல: வாளியை மேலே ஏற்றுவது கை, பூமி அதைக் கீழேதான் இழுக்கிறது.

யார் செய்யும் வேலை என்று கேட்காமல் குறி போட முடியாது. அவள் கேட்டது அதைத்தான்.

மறுநாளிலிருந்து சரியாக நடத்தினேன். கரும்பலகையில் கைக்கு ஓர் அம்புக்குறி, மின்விசைக்கு ஓர் அம்புக்குறி. ஆனால் "இதற்கு முன் தப்பாக நடத்தினேன்" என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. என்னிடம் தப்பாகப் படித்துவிட்டுப் போன பிள்ளைகளைக் கூப்பிட்டும் சொல்லவில்லை. அறியாமையை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் மௌனமாக இருந்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவளே வந்து, "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள். அந்த விடைத்தாள்தான் கண்முன் வந்தது. "நல்லா இருக்கேம்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.