மணலில் பிறக்கும் மல்லிகை வேர்

2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் தோட்டங்கள் பலவற்றுக்கு நாற்று வந்து சேர்வது மதுரை மண்ணிலிருந்து அன்று. இராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன் தீவில், பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்த தங்கச்சிமடத்தின் மணற்பாத்திகளிலிருந்து. மீன்பிடி ஊராகவே பலரும் அறிந்துள்ள இவ்வூரில், தென்னை நிழலடியே குனிந்து குச்சி ஊன்றியும் நீர் தெளித்தும் பணியாற்றும் தொழிலாளரின் கைத்திறனே அப்பூவின் புகழுக்கு முதற்படியாக உள்ளது.

மதுரை மல்லிகையான குண்டுமல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை என்பதால், தாய்ச்செடியின் தண்டைத் துண்டாக வெட்டி வேர்விடச் செய்வதே அதனைப் பெருக்கும் வழி. மிக இளந்தண்டு அழுகிவிடும், நன்கு முற்றிய கட்டை எளிதில் வேர்விடாது என்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்துக் குச்சியைக் கண்ணாலும் விரலாலும் தேர்ந்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுகின்றனர். வெட்டுப்பட்ட தண்டுக்கு நீரை உறிஞ்ச வேரில்லை. இலைகளோ நீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே கீழ் இலைகளைக் களைந்து இழப்பைக் குறைக்கின்றனர். குச்சியைத் தலைகீழாக ஊன்றாமல் காப்பதற்கும் காரணம் உண்டு: வேரைத் தூண்டும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் தளிர் நுனியிலிருந்து அடிநோக்கி நகர்ந்து, அடிவெட்டில் சேர்கிறது. வெட்டுவாயில் முதலில் காயத்தை மூடும் திசுத்திரள் உருவாவதும், பின்னர்த் தண்டின் உட்திசுவிலிருந்து வேற்றிட வேர்கள், அதாவது வேரல்லாத உறுப்பில் தோன்றும் வேர்கள், புறப்படுவதும் இதன் தொடர்ச்சியே.

வீடுகளில் மணிபிளாண்ட் கொடியை நீர் நிறைந்த புட்டியில் இட்டு வேர்விடச் செய்வதும் இதே அடிப்படையில்தான் என்றாலும், அக்கொடியின் கணுக்களில் வேர்முளைகள் ஏற்கெனவே அமைந்திருப்பதால் அங்கு வேலை எளிது. அத்தகைய முன்னேற்பாடு இல்லாத மரத்தன்மைத் தண்டுக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம். அதே அளவு காற்றிலோ அது 270 மில்லிகிராமுக்கும் மேல். மணல் நீரை விரைவில் வடியவிட்டுத் துகள்களின் இடுக்கில் காற்றை நிறுத்துவதால், அடிவெட்டு மூச்சுத்திணறி அழுகாமல் காக்கப்படுகிறது. நீரிலேயே வளர்ந்த வேர்கள் மண்ணுக்கு மாற்றப்படும்போது தடுமாறுவதுண்டு. மணலில் பிறந்த வேருக்கு அந்த இடர் குறைவு.

ஆனால் மணல் விரைந்து உலரும். எனவே அடிக்கடி, அதிலும் குச்சி அசையாதபடி மென்மையாக, நீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. புதிய வேர்நுனி ஒரு வெயில் வேளை காய்ந்தாலே செடி மடிந்துவிடும். தழைத்த நாற்றைப் பிடுங்குவதும் நுட்பமான வேலைதான். ஆயினும் மணல் எளிதில் உதிர்வதால் வேர் அறாமல் வருகிறது. பிடுங்கிய நாற்றுகளைக் கட்டுகளாகக் கட்டி, ஈரம் குன்றாமல் பொதிந்து, 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப்பாலம் வழியாகத் தீவுக்கு வெளியே உள்ள தோட்டங்களுக்கு அனுப்புகின்றனர்.

இத்தொழிலின் மூலதனம் மணலும் அதனடியில் உள்ள நன்னீருமே. தீவில் பெய்யும் மழை மணலுள் இறங்கி, அடர்த்தி மிகுந்த உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. ஆழ்துளைகளால் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறும், உப்பேறிய நீரில் இளவேர் தங்காது. மணல் அள்ளப்படுவதும் இதே கேட்டையே விளைவிக்கும், ஏனெனில் மழைநீரை வடிகட்டிச் சேமிக்கும் கலம் அதுவே.

புவிசார் குறியீடு பூவின் பெயரைக் காக்கிறது. அப்பூவுக்கு வேர் தரும் கைகளையும் நீரையும் காக்கத் தனி முயற்சி தேவை. தீவின் நிலத்தடி நீர் எடுப்பை வரையறுப்பதும், குச்சி தேர்வு முதல் நாற்றுக் கட்டு வரையிலான அறிவை வேளாண் கல்வியில் பதிவுசெய்வதும், மணற்பாத்தித் தொழிலாளரைத் திறன்மிக்க கைவினைஞராக ஏற்று அதற்கேற்ற கூலி வழங்குவதும் மல்லிகைப் பயிரைப் பேணும் பணியிலிருந்து பிரிக்க இயலாதவை.