தன்மையும் படர்க்கையும்

எங்கள் பாடசாலைக்குக் கீழே, ஹட்டன் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டில் உண்டு. 2025 மே மாதத்தில் ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கினேன். பத்தாம் தரத்துப் பையன்கள் இருவர் எனக்கு முன்பே நின்றார்கள். ஒருவன் தோட்டத்து லயத்துப் பிள்ளை. மற்றவன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரின் மகன். நடுவே ஒரு போன். வாய்ச்சண்டை உச்சத்தில் இருந்தது.

விஷயம் ஜி.டி.ஏ. என்ற வீடியோ கேம். அதன் ஐந்தாம் பாகம் வந்தது 2013 இல். அப்போது இவர்களுக்கு மூன்று வயதிருக்கும். ஆறாம் பாகத்தின் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வெளியாகி, ஒரே நாளில் ஒன்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டதாம். இரண்டாவது ட்ரெய்லர் அந்த வாரம்தான் வந்திருந்தது. லூசியா என்ற பெண்ணை நாயகியாக்கியது சரியா, ட்ரெய்லரில் காட்டியதெல்லாம் ஆட்டத்தில் இருக்குமா என்று இருவரும் மோதிக்கொண்டார்கள்.

எனக்குள் சிரிப்பு வந்தது. அதை விளையாட பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவி வேண்டும். விலை இலட்சத்தைத் தாண்டும். தோட்டத்து அடிப்படை நாட்கூலி அப்போது 1350 ரூபாய். லயத்துப் பிள்ளையின் கையில் இருந்தது, 2020 இல் கொரோனாவால் பாடசாலை மூடியபோது ஒன்லைன் வகுப்புக்காக அம்மா கடன்பட்டு வாங்கிய போன். சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிப் படித்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். அதில் ஃபிரீ ஃபயர்தான் ஓடும்.

"அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போட்டுட்டான். நாம கத்தி என்னடா ஆகப்போகுது?" என்றான் அவன்.

"கத்தினா கேப்பான்" என்றான் மற்றவன். சான்றும் சொன்னான். 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் ஒரு புதிய காட்டுப் பகுதி வந்தது. அங்கே சிலைக்கு முன் தலைவணங்கினால் ஆட்டக்காரனுக்குத் தெம்பு கிடைக்கும். முஸ்லிம் நாடுகளின் ரசிகர்கள் எதிர்த்ததும் கம்பனி மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட்டது. 2021 நவம்பரில் கோல் ஒஃப் டியூட்டியின் வான்கார்ட் பாகத்தில் குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடந்தன. அதற்கும் மன்னிப்பு வந்தது, பக்கங்களும் நீக்கப்பட்டன.

லயத்துப் பிள்ளையின் முகம் மாறியது. "குர்ஆன் விசயம் சரி. செலையக் கும்புட்டா என்னடா தப்பு? நாங்க தெனம் கும்புடுறோமே?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இந்த ஊரில் சில மாதங்கள் நாம் எப்படி நடந்தோம், எப்படிப் பார்க்கப்பட்டோம் என்பது மறக்கவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் மற்றவன் பேசிவிட்டான்.

"நீ கும்புடுறது தப்புன்னு சொல்லலடா. படத்துல ஹீரோ கும்புட்டா நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்? அது அவன். கேம்ல பட்டன அமத்துறது நான். அப்ப கும்புடுறதும் நான்தானே?"

லயத்துப் பிள்ளை கொஞ்சம் யோசித்தான். "அது சரிதான்" என்றான்.

தன்மை, படர்க்கை என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். கதையை 'நான்' சொல்வதற்கும் 'அவன்' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது தெரிந்தவன் எனக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றான். விளையாட முடியாத ஆட்டத்துக்காக வீண்பொழுது போக்குகிறார்கள் என்று சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை. "அப்படியென்றால் தம்பி, ஜி.டி.ஏ.யில் கார் திருடுவதும் ஆளைச் சுடுவதும் யார்?" என்று கேட்டேன்.

லயத்துப் பிள்ளை கைகொட்டிச் சிரித்தான். "மாட்டுனியா!" என்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பஸ் வந்தது.

அடுத்த கிழமை வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றான்.

"சேர், அன்னைக்கு கேட்டதுக்கு இன்னும் பதில் கெடைக்கல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றுதான் சொன்னேன். திருடனின் கதையை 'நான்' என்று எழுதுகிறவனிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.