ரீடிங்கை 'குக்' பண்ண முடியாத ஊர்!

ஃப்ரெண்ட்ஸ், முதல்ல ஒரு வாக்குமூலம். லேப்ல மீட்டர் முள்ளு அடம்பிடிச்சா நாம என்ன பண்ணுவோம்? சீனியரோட ரெக்கார்டு நோட்டை வாங்கி, கடைசி தசமத்தை மட்டும் மாத்தி எழுதி, கிராஃபை அழகா நேர்கோட்டுல வர வெச்சு, கையெழுத்து வாங்கிட்டு கேன்டீனுக்கு ஓடிடுவோம். நானும் அதே கேஸ்தான்! 'அதனால என்ன பாஸ் கெட்டுப்போச்சு?'னு கேக்கிறீங்களா? வாங்க, ஒரு ஊருக்குப் போயிட்டு வரலாம். டிக்கெட் மட்டும்தான் கற்பனை. ஊர் நிஜம்!

ஊர் பேரு நி-ஓலசுண்ட். நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகள்ல, சுமார் 79 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,200 கிலோமீட்டர்தான். ஓஸ்லோவுல இருந்து லாங்யியர்பியன் வரைக்கும் பெரிய விமானம். அதுக்கப்புறம் நம்ம மினி பஸ் சைஸுக்கு ஒரு குட்டி விமானம். அரை மணி நேரம்கூட ஆகாது, ஜன்னல் பூரா பனியாறுகள். செம சீன்!

இறங்குறதுக்கு முன்னாடியே முதல் ஆர்டர் வந்துடும். செல்போனை ஃப்ளைட் மோடுல போடு. வைஃபை, புளூடூத் எல்லாம் ஆஃப்!

'என்னய்யா, ஹாஸ்டல் வார்டன் மாதிரி...'னு முறைக்காதீங்க. அந்த ஊர்ல ராட்சத ஆன்டெனாக்கள் இருக்கு. கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்துல இருக்கிற குவேசார்கள்ல இருந்து வர்ற ரேடியோ அலையை அவை கேட்டுக்கிட்டே இருக்கும். அதே சிக்னல் உலகத்தோட வேற வேற ஆன்டெனாவுக்கு எவ்வளவு முன்னாடி, பின்னாடி வந்து சேருதுனு கணக்குப் போட்டு, பூமி சுத்துறதையும் கண்டங்கள் நகர்றதையும் மில்லிமீட்டர் கணக்குல அளக்கிறாங்க. அவ்வளவு சன்னமான சத்தத்துக்கு நடுவுல உங்க புளூடூத் ஹெட்செட், கோயில் திருவிழா கோன் ஸ்பீக்கர் மாதிரி! அதான் 20 கிலோமீட்டர் சுத்தளவுக்கு, 2-ல இருந்து 32 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ரேடியோ மௌனம். ஒரு ரீடிங் சுத்தமா வரணும்கிறதுக்காக ஊரே வாயை மூடிக்கிட்டிருக்கு.

இது ஒருகாலத்துல நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல நடந்த வெடிவிபத்துல 21 தொழிலாளர்கள் இறந்துபோனாங்க. மறு வருஷமே சுரங்கத்தை மூடிட்டாங்க. மெதுவா விஞ்ஞானிகள் வர ஆரம்பிச்சாங்க. இப்போ நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென் கொரியா, சீனானு பல நாடுகளோட நிலையங்கள் அங்கே அக்கம்பக்கம். நம்ம ஆளுங்க முதல்முறையா போனது 2007 ஆகஸ்ட்டுல. 2008 ஜூலை 1-ம் தேதி 'ஹிமாத்ரி' நிலையம் திறந்தாச்சு. கோவாவுல இருக்கிற தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் நடத்துது. 2023 டிசம்பர்ல இருந்து, சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்காலத்துலயும் குழு போக ஆரம்பிச்சிருக்கு.

இன்னொரு விசேஷம், அந்த ஊர்ல எந்த வீட்டுக் கதவையும் பூட்ட மாட்டாங்க! திருடன் இல்லைங்கிறதுக்காக இல்லை, பனிக்கரடி இருக்குங்கிறதுக்காக. கரடி எதிர்ல வந்தா கண்ணுல படுற முதல் வீட்டுக்குள்ள நீங்க பாயணுமே! ஊர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகணும்னா துப்பாக்கிப் பயிற்சி முடிச்சிருக்கணும். முதல்ல சத்தத்தாலயும் வெளிச்சத்தாலயும் மிரட்டி விரட்டணும். சுடுறது கடைசிபட்சம்தான்.

சரி, பயிற்சி முடிச்சாச்சு. பனியாறு மேல ஏறுங்க. அங்கே என்ன பெரிய மெஷின்னு தேடாதீங்க... ஒரு கம்பு! பனிக்கட்டியில ஆழமா துளை போட்டு கம்பை நட்டு வெச்சிருப்பாங்க. வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற நீளத்தை அளக்கணும். கோடை முடிஞ்சு வந்து திரும்ப அளந்தா கம்பு இன்னும் உயரமா நிக்கும். கம்பு வளரலை, பனி இறங்கியிருக்கு. ஒருத்தர் குனிஞ்சு அளக்கும்போது இன்னொருத்தர் கரடி வருதானு காவல் நிப்பார். விரல் மரத்துப்போகும், பென்சில் நழுவும். 'அடுத்த கம்புக்கு உத்தேசமா போட்டுக்கலாம்'னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேட்கும். நம்ம லேப்ல கேட்கிற அதே குரல்!

இப்போ படகுல ஏறுங்க. ஊருக்கு முன்னாடி இருக்கிறது கோங்ஸ்ஃப்யோர்டு, மலைகளுக்கு நடுவுல நீளமா உள்ளே புகுந்த கடல். 2014 ஜூலையில நம்மாளுங்க அங்கே 192 மீட்டர் ஆழத்துல 'இண்டார்க்'னு ஒரு கருவித் தொகுப்பை நங்கூரம் போட்டு நிறுத்தினாங்க. அதுல நம்ம பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பங்கு உண்டு. தண்ணியோட வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாத்தையும் அது சத்தமில்லாம பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். ஒரு வருஷம் கழிச்சுத்தான் மேலே எடுப்பாங்க. படகுல இருந்து தண்ணிக்குள்ள ஒரு ஒலி சிக்னல் அனுப்பினா கீழே கொக்கி திறக்கும், மிதவை மேலே வரணும். பேட்டரி செத்திருந்தா? ஒரு கனெக்டர்ல தண்ணி புகுந்திருந்தா? அந்த ஒரு வருஷக் கடல் போனது போனதுதான். காப்பியடிக்க சீனியர் ரெக்கார்டு கிடையாது, அரியர் எழுதவும் வழி இல்லை. தண்ணியையே பார்த்துக்கிட்டு நிக்கணும்... மிதவை தலைகாட்டுற வரைக்கும்.

இத்தனை பாடு எதுக்கு? ஆர்க்டிக் பனிக்கும் நம்ம பருவமழைக்கும் என்ன தொடர்புனு விஞ்ஞானிகள் தேடிக்கிட்டிருக்காங்க. முழு விடை இன்னும் கிடைக்கலை. ஆனா ஒரு விஷயம் நிச்சயம். 1979-க்குப் பிறகு, உலக சராசரியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமா ஆர்க்டிக் சூடாகுது.

கோங்ஸ்ஃப்யோர்டே சாட்சி. குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்கிற அந்தக் கடல், 2006 குளிர்காலத்துல பெரும்பகுதி உறையவே இல்லை. அட்லாண்டிக்கோட வெதுவெதுப்பான தண்ணி உள்ளே வந்துடுச்சு. அதுக்கப்புறம் பழைய அளவுக்குப் பனி படியுறது குறைஞ்சுபோச்சு. அந்த வருஷம் கருவியில வந்த நம்பர், முந்தின வருஷ நம்பர்களோட ஒட்டவே ஒட்டாத நம்பரா இருந்திருக்கும். யாராவது ஒருத்தர் 'சே, இது தப்பு ரீடிங்'னு நம்ம ஸ்டைல்ல சரிபண்ணி எழுதியிருந்தா? கிராஃப் அழகா வந்திருக்கும். கடல் மாறினது மட்டும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஊர் திரும்பியாச்சு, போனை ஆன் பண்ணிக்கோங்க. நிஜமாவே அங்கே போக ஆசையா? மேற்படிப்புல ஆராய்ச்சிப் பக்கம் போங்க. நல்ல ஆய்வுத் திட்டம் கையில இருந்தா கோவா மையத்தோட கதவைத் தட்டலாம்.

அதுக்கு முன்னாடி அடுத்த வாரம் லேப் இருக்கு. நாலு புள்ளி கோட்டுல உட்கார்ந்து, அஞ்சாவது மட்டும் தள்ளி நிக்குதா? நிக்கட்டும் விடுங்க. திரும்ப ஒரு தடவை அளந்து பாருங்க. அப்பவும் அங்கேயே நின்னா, அப்படியே எழுதுங்க. மேடம் திட்டினா நி-ஓலசுண்ட் கதையைச் சொல்லிப் பாருங்க. நான் சொல்லப் போறேன்!